தயவுசெய்து கடல்

திரையில் தன் கையெழுத்து ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்பதை டேப் அக்கா பார்த்தாள்.

மூன்றாவது மாடிக் கூட்ட அறை, புதன்கிழமை மதியம் மூன்று மணி. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு, சமையலறை, கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவு என்று முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் எல்லாப் பதிவேடுகளையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. அதைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வாராவாரம் வந்தார். எந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டார். அதனால் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் விழுந்திருந்தது.

டேப் அக்கா என்பதும் அப்படி விழுந்த பெயர்தான். கருவிப் பொட்டலங்களை ஒட்டுகிற டேப் சுருளை எந்நேரமும் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருப்பாள். பத்தொன்பது வருடமாக அடித்தளத்தில் அறுவைச் சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, துணியில் மடித்துக் கட்டி, நீராவி மெஷினுக்குள் ஏற்றி இறக்குகிறவள். மெஷின் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே அது நன்றாக இருக்கிறதா, மக்கர் பண்ணுகிறதா என்று சொல்லிவிடுவாள். பேனாவைப் பிடித்தால்தான் விரல் மரத்துப்போகும்.

"இது நம்ம அடித்தளத்துப் பதிவேட்டுல இருந்து நேத்து எடுத்தது," என்றார் கோட்டுக்காரர். "யார் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன். யாரையும் புண்படுத்தறது என் பழக்கம் இல்ல." சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

திரையில் மூன்று வரிகள் இருந்தன. டோர் ரப்பர் இஸ் கட். ஸ்டீம் கம் அவுட் லெஃப்ட் சைட். ப்ளீஸ் சீ. மகளின் போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, நாற்பது நிமிடம் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே எழுதிய ஆங்கிலம். மெஷின் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் இடது ஓரத்தில் கிழிந்து, கதவை மூடிய பிறகும் ஆவி சீறிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுதியிருந்தாள். இப்போது அதன் மேல் ஆறு சிவப்பு வட்டங்கள்.

"கடைசி வார்த்தையப் பாருங்க," என்று கோட்டுக்காரர் குச்சியால் தட்டினார். "பாருங்கன்னு சொல்ல வந்திருக்காங்க. ஆனா என்ன எழுத்து போட்டிருக்காங்க? எஸ், ஈ, ஏ. அப்படின்னா என்ன? கடல்! தயவுசெய்து கடல்!"

அறை குலுங்கியது. சமையலறைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கடைசி வரிசையில் அடித்தளத்தின் மேற்பார்வையாளரும் வயிறு குலுங்கச் சிரித்தார். எதைச் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்பதைத் தவிர வேறு பதில் தெரியாததால் அவரைப் பார்க்கலாம் சார் என்பார்கள். ரப்பர் கிழிந்திருக்கிறது, ஆவி வெளியே வருகிறது என்று சுவர் முழுக்கப் பெரிதாக எழுதியிருந்ததை அந்த முப்பது பேரும் படித்தார்கள். ரப்பரைப் பற்றி ஒரு வாயும் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பார்க்கலாம் சார் அவளை நிறுத்தினார்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு நீட்டா வேற எழுதிடுங்க. தணிக்கைக்கு வர்றவங்க பார்த்தா நம்ம மானம் போயிரும்."

"சார், அந்த ரப்பர்?"

"பார்க்கலாம்."

"அப்ப என்ன எழுதறது சார்?"

"மெஷின் ஓகேன்னு எழுதுங்க. ரெண்டே வார்த்தை. தப்பே வராது."

அவள் கிழித்தாள். மெஷின் ஓகே என்று எழுதினாள்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் மாறியது. "கடலு, டீ வேணுமா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. லிஃப்டில், உடை மாற்றும் அறையில், எங்கே போனாலும் கடல். சிரிக்காதவள் ஒருத்திதான். அவளோடு பதினோரு வருடமாக ஒரே மேசையில் வேலை பார்க்கும் கத்தரி. அறுவைக் கத்தரிகளை எண்ணி அடுக்குவது அவள் வேலை. வாயும் அப்படித்தான் வெட்டும். "இன்னொரு தடவ கடலுன்னு சொல்லிப் பாருங்க. பல்ல எண்ணிக் கையில குடுத்துர்றேன்," என்று அவள் சமையலறை வாசலில் நின்று கத்தியதில் இரண்டு நாள் கொஞ்சம் அடங்கியது.

ஆனால் டேப் அக்காவுக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு வேளை முடிவிலும் பதிவேட்டைத் திறந்தால் அந்தத் திரைதான் கண்ணில் நின்றது. காகிதத்தில் பேனாவை வைத்தவுடன் காதுக்குள் சிரிப்புச் சத்தம். அவசரமாக மெஷின் ஓகே என்று கிறுக்கி மூடிவிடுவாள். அடுத்த புதன்கிழமை, வாழ்க்கையில் ஒரு நல்ல நாளைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார் கோட்டுக்காரர். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனவள், வகுப்பு முடிந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்வரை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வயதில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறோமே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

ரப்பரைப் பற்றி வாயால் இரண்டு முறை சொன்னாள்.

"எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் பார்க்கலாம் சார்.

"இல்ல சார். நீங்கதானே அன்னிக்கு..."

"எழுத்துல இல்லாம நான் மேல எப்படி அனுப்பறது? சொல்லுங்க."

கத்தரியிடம் மட்டும், "இடது பக்கம் நிக்காதடி, ஆவி அடிக்குது," என்று தினமும் சொன்னாள்.

பக்கத்தைக் கிழித்த பன்னிரண்டாம் நாள் காலை, கருவித் தட்டுகளை மேலே அறுவை அரங்கில் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மெஷின் கத்தியதா, மனுஷி கத்தினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். ஓடிப் போனபோது அடித்தளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. கிழிந்திருந்த ரப்பர் ஒரு முழ நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது. தரையில் உட்கார்ந்திருந்த கத்தரியின் வலது கை, விரலிலிருந்து முழங்கைவரை, பார்க்கக்கூடாத நிறத்தில் இருந்தது. இடது பக்கம் அவள் நிற்கவில்லைதான். நேர் எதிரே நின்றிருந்தாள். ரப்பர் பிய்ந்த பிறகு எந்தப் பக்கம் நின்றால் என்ன?

அன்று மாலைக்குள் பதிவேட்டின் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு மேலே போய்விட்டன. ஒரே கையெழுத்தில் பதினோரு நாள். மெஷின் ஓகே, மெஷின் ஓகே, மெஷின் ஓகே. வெள்ளிக்கிழமை விசாரணை என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

தீக்காய வார்டில் கத்தரி கண் திறந்ததும் டேப் அக்கா கட்டிலருகே போய் நின்றாள். கை முழுக்கக் கட்டு. கழுத்தில் மருந்து பூசியிருந்தது.

"நீ ஓகேன்னு எழுதியிருந்தியாமே, நர்சுங்க பேசிக்கிட்டாங்க," என்றாள் கத்தரி.

"சார்தான்டி அப்படி எழுதச் சொன்னாரு."

"பதினோரு நாள். அதுல ஒரு நாள் கூடவா உண்மைய எழுத உனக்குக் கை வரல?"

"பயம்டி. மறுபடியும் திரையில போட்டுருவானோன்னு."

"உனக்குப் பயம். எனக்கு வெந்து போச்சு." கத்தரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போ. நீ நிக்கறதப் பார்த்தா எரிச்சல் கூடுது."

வீட்டுக்கு வந்து பையைச் சுவரில் எறிந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விசாரணைக்கு நான் எழுதித் தர்றேன்மா. தப்பே இல்லாம, அழகா," என்றாள். "அழகா எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று டேப் அக்கா கத்தினாள். மகள் முகம் சுருங்கிப்போனது. அவள் மேல் கோபமில்லை என்று டேப் அக்காவுக்கே தெரியும். யார் மேல் கோபமோ அவர்கள் எதிரில் வாய் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதிவறையிலிருந்து கூப்பிட்டார்கள். கூரைவரை கோப்புகள் அடுக்கிய அறையில் ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தாள். முப்பதைத் தொடாத வயது, தடித்த கண்ணாடி. அச்சடித்த ஒரு தாளை நீட்டினாள்.

"விசாரணைக்கு உங்க வாக்குமூலம்க்கா. கையெழுத்துப் போடணும்."

"இதுல என்ன போட்டிருக்கு?"

டைப்பிஸ்ட் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கதவு ரப்பரில் எந்தக் குறையையும் நான் கவனிக்கவில்லை. அதனாலேயே மெஷின் சரியாக இருப்பதாகப் பதிவு செய்தேன். என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்.

"இத யாரு சொன்னது?"

"உங்க சார் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்."

டேப் அக்காவுக்குக் காது மடல் சூடேறியது. கவனிக்கவில்லையா? பத்தொன்பது வருடமாக அந்த மெஷினைக் கவனிப்பதைத் தவிர வேறு என்ன செய்தாள்? தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, கைக்குள் கசக்கினாள். "நான் இத சொல்லல. என் வாக்குமூலத்த நானே எழுதிக்கறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கசங்கிய தாளை மேசையில் வைத்தாள். "எழுதிருவேன்னு சொல்லிட்டேன். எனக்கு எழுத வராதும்மா."

டைப்பிஸ்ட் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்கக்கா. நான் பத்தாவதுல இங்கிலீஷ் பரீட்சை அன்னிக்கு வாந்தி எடுத்தவ. மூணு தடவ. இப்ப நாள் முழுக்க டாக்டருங்க எழுதறதத்தான் அடிச்சுக் குடுக்கறேன். அவங்க விடற தப்பப் பார்த்தீங்கன்னா சிரிச்சே செத்துருவீங்க. அவங்கள யாரும் திரையில போடறதில்ல. நம்மளத்தான் போடுவாங்க."

பின்பக்கம் காலியாக இருந்த பழைய தாள்களை ஒரு கட்டாக எடுத்து வைத்தாள். "பத்து நிமிஷம். பேனாவ எடுக்காம எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. யார் மேல கோவமோ அவங்களத் திட்டுங்க. நான் படிக்க மாட்டேன். முடிஞ்சதும் நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க."

"கிழிக்கறதுக்கு எதுக்கு எழுதணும்?"

"யாரும் பார்க்க மாட்டாங்கன்னு கைக்குத் தெரியணுமில்ல?"

முதல் இரண்டு நிமிடம் கை நகரவில்லை. பிறகு கோட்டுக்காரர் என்று ஒரு சொல் விழுந்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. வீட்டில் மகள் காதில் விழக்கூடாது என்று பொத்தி வைத்திருந்த வசவெல்லாம் தாளில் இறங்கியது. தாள் அங்கங்கே கிழிந்தே போயிற்று. சமையலறைக்காரர், பார்க்கலாம் சார், சிரித்த முப்பது பேர். கடைசி நான்கு வரியில் அவளையே திட்டிக்கொண்டாள். கிழித்துக் கூடையில் போட்டபோது மூச்சு வாங்கியது. டைப்பிஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி போனாள். மூன்று மணிக்குக் கோட்டுக்காரர் வகுப்பு இருந்தது. அதற்குப் போகவில்லை. இந்த முறை ஒளிந்துகொள்ளவும் இல்லை. "வர முடியாதுன்னு சொல்லிடுங்க," என்று சத்தமாகவே சொல்லி அனுப்பினாள். நடந்ததை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்து எழுதச் சொன்னாள் டைப்பிஸ்ட். டேப் அக்கா கத்தரிக்குச் சொல்வதாக நினைத்து எழுதினாள். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

வியாழக்கிழமை அதை ஆங்கிலமாக்கினார்கள். ஒரு வரிக்கு ஒரு விஷயம் போதும் என்றாள் டைப்பிஸ்ட். வார்த்தை தெரியாவிட்டால் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போகச் சொன்னாள். கடைசியில் இரண்டு பேருமாக அந்த இடங்களை மட்டும் நிரப்பினார்கள். "மத்த தப்ப நான் திருத்தலாமாக்கா?" என்று கேட்டாள்.

"தப்பு இருந்தா புரியாதா?"

"நல்லாப் புரியுது."

"அப்ப விடு. திருத்தினா யாரோ எழுதிக் குடுத்ததுன்னுவாங்க."

கோப்பைக் கட்டும்போது டைப்பிஸ்டுக்கு ஏதோ தோன்றியது. "ஆமா, மொதல்ல ஒரு தடவ உண்மைய எழுதினேன்னு இதுல போட்டிருக்கீங்களே. அந்தப் பக்கம் எங்க?"

"சார் சொன்னாருன்னு கிழிச்சுட்டேன்."

"திரையில போட்டாரே, அது? வகுப்புல காட்டற படத்தையெல்லாம் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பித்தான் போடச் சொல்வாரு."

ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. தேதியோடு, ஆறு சிவப்பு வட்டங்களோடு, அந்த மூன்று வரிகள். டேப் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. இந்த முறை, "இத ஒரு தாள்ல எடுத்துக் குடும்மா," என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அம்மா அறையில் விசாரணை. மெஷினைப் பார்வையிட்ட வெளி என்ஜினியர் ஒருவர் இருந்தார். பார்க்கலாம் சார் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். டேப் அக்கா தன் தாளை எடுத்து ஆங்கிலத்திலேயே படிக்கத் தொடங்கினாள். ஐ சீ த ரப்பர் கட். ஐ டெல் சார். ஐ ரைட் இன் புக். சார் டெல் டேர் தி பேஜ்.

"டெல் இல்லம்மா, டோல்ட்," என்று இடைமறித்தார் பார்க்கலாம் சார். "மேடம், இவங்களுக்குச் சரியா எழுத வராது. நான் அடிச்சு வச்ச வாக்குமூலம் ஒண்ணு இருக்கு, அத..."

"தப்புதான் சார்," என்றாள் டேப் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "டெல்லோ டோல்டோ, நான் சொன்னேனா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. பக்கத்தக் கிழின்னு சொன்னீங்களா இல்லையா?"

அவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "அப்படி ஒரு பக்கமே இல்ல மேடம்."

அவள் படத்தை மேசை மேல் வைத்தாள். என்ஜினியர் அதை எடுத்துப் படித்தார். "ரப்பர் கிழிஞ்சிருக்கு, இடது பக்கம் ஆவி வருது, வந்து பாருங்க. தெளிவாத்தானே இருக்கு? ரிப்பேர் பண்றவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? இத யாரு வட்டம் போட்டது?"

கோட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் வேறொரு வகுப்பிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்து, "ஆமா, என்னுதுதான்," என்றார். "நான் மொழியத்தான் பார்த்தேன் மேடம். விஷயத்தப் பார்க்கறது என் வேலையில்ல."

"அப்ப எதுக்குடா எங்கள எழுதச் சொன்ன?"

அந்த 'டா' எப்படி வந்தது என்று டேப் அக்காவுக்கே தெரியாது. வந்ததைத் திரும்ப எடுக்கும் எண்ணமும் இல்லை. "ஆறு வட்டம் போட்டீங்களே, ஏழாவதா ஒண்ணு போட்டு, இது உண்மையான்னு கேட்டிருக்கலாமில்ல? ஒருத்தி கை வெந்து கிடக்கா. உங்களுக்கு எழுத்துதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் திரும்ப எழுதவே கூசிப்போச்சு. பதினோரு நாள் பொய் எழுதினேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா பொய்யத் தவிர வேற எதையும் எழுத முடியாத மாதிரி பண்ணினது நீங்க."

கோட்டுக்காரர் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

மெஷினுக்கு அன்றே புது ரப்பர் வந்தது. பார்க்கலாம் சாரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கோட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கோட்டோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். பதிவேட்டைத் தமிழிலும் எழுதலாம் என்று கண்காணிப்பாளர் உத்தரவைத் திருத்தினார். டேப் அக்காவுக்குப் பொய்ப் பதிவுக்காக எழுத்துமூல எச்சரிக்கை. அதை வாங்கி, முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை வகுப்பு பதிவறைக்கு மாறியது. அங்கே டைப்பிஸ்டும், கூடை நிறையக் கிழித்த தாளும், எட்டுப் பேரும். சமையலறைக்காரர் இரண்டாம் வாரம் வாசலில் வந்து தயங்கி நின்றார். டேப் அக்கா அவரைப் பார்த்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. அவராகவே வந்து மூலையில் உட்கார்ந்தார்.

கத்தரியைப் பார்க்க அவள் தினமும் போனாள். கத்தரி பேசவில்லை. கொண்டுபோன ஆரஞ்சை உரித்து வைத்தால் சாப்பிடுவாள், அவ்வளவுதான். விபத்து நடந்த பதினெட்டாம் நாள் கத்தரியே வாயைத் திறந்தாள்.

"விசாரணைக் கோப்புல வைக்க என் தரப்பையும் எழுதிக் கேக்கறாங்க. என்னால பேனா பிடிக்க முடியாது."

"டைப்பிஸ்டக் கூட்டிட்டு வரவா?"

"வேணாம். நீ எழுது. நான் சொல்ற மாதிரியே எழுதணும். ஒண்ணையும் மாத்தக் கூடாது."

டேப் அக்கா மடியில் அட்டையை வைத்து, தாளை விரித்தாள்.

"எழுது," என்றாள் கத்தரி. "என் கூட வேலை பார்க்கறவளுக்கு மெஷின் கெட்டது தெரியும். தெரிஞ்சே பொய் எழுதினா."

பேனா நின்றது. டேப் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கத்தரியின் கண்ணில் ஈரம் இல்லை, இரக்கமும் இல்லை.

"நிறுத்தாத. இங்கிலீஷ்ல எழுது."

ஷீ நோ மெஷின் பேட். ஷீ ரைட் லை. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். எழுத்து விழுந்துகொண்டேயிருந்தது.

"படி."

படித்தாள்.

"அந்த 'ஷீ' யாருன்னு பேரு போடு. டேப்பு, கடலு எல்லாம் வேணாம். உன் முழுப் பேரு."

டேப் அக்கா தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். கத்தரி தலையணையில் சாய்ந்துகொண்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் எடுத்து வைத்தாள்.

"ம். அடுத்த வரி."